நான் ஒண்ணும் தொடலையே!

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுப்புழுவை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் ‘நான் ஒண்ணும் தொடலையே’ என்கிற ஜீவராசியைப் பார்க்காதவர் ஒருவர்கூட இருக்க முடியாது. மிக்ஸி நின்றுபோனால், மோட்டார் புகைந்தால், டிவியில் எல்லார் முகமும் பச்சையாகத் தெரிந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு குரல் வருகிறதல்லவா? அதுதான். அது பொய் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லத் திறமை வேண்டும். இது நிஜமாகவே நம்புகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே அந்த இனத்தில் நன்றாக முற்றிய ஓர் உருப்படி.

நான் இருப்பது நெசவாளர்களின் கண்பார்வையைக் கணக்கெடுக்கிற ஒரு சின்ன ஆபீஸில். வீடு வீடாகக் கேட்டு வந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் தட்டுவது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனாலும், தட்டுவதில் நான் புலி. தட்டியதை அட்டவணையாக்க ஒரு மேக்ரோ உண்டு. மேக்ரோ என்றால் மிரளவேண்டாம். தறிமேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் துளைபோட்ட அட்டை கோத்துவிட்டால் தறி தானே பூப்போடுகிறதே, அதே சங்கதிதான். ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் பட்டனைத் தட்டினால் போதும், ஆபீஸ் புள்ளிவிவர மென்பொருள் எல்லாக் கணக்கையும் மளமளவென்று போட்டுத் துப்பிவிடும்.

விஜயதசமிக்கு மறுநாள் அது துப்பவில்லை. ‘வயது என்று இங்கே எதுவும் இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் முறைத்தது.

மேக்ரோவை ஓட்டுகிறவள் பிரவீனா. ஒப்பந்த வேலை. மத்தியானம் சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள்; அட்டவணை இருந்தால் அவள் வேலை நீளும், இல்லாவிட்டால் அன்றோடு சரி.

“அண்ணா, ஃபைல்ல எதனா தொட்டீங்களா?”

“நானா? கிட்டகூட போவலமா! பூஜைக்கு மவுசுக்குப் பொட்டு வெச்சேன், அவ்ளோதான்.”

எங்கள் அதிகாரி ஸௌந்தரராஜன் சார், சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் பக்கத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். “பூஜைக்கு முன்னாடி நன்னா ஓடித்தே! நானும் ஒண்ணும் தொடலை. கடைசியா ஓட்டினது நீதானேம்மா? அவா வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

பார்த்தீர்களா? இரண்டு பேர் தொடவில்லை என்றால் மூன்றாவது ஆள்தான் தொட்டிருக்க வேண்டும். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் எங்களுக்கு மென்பொருளே தேவையில்லை.

அடுத்து நம் இனத்தின் வைத்தியம் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியதில் பூஜைப் பொரி நாலு விழுந்தது. அதுதான் காரணம் என்று அறிவித்தேன். அது எடுபடவில்லை. உடனே வைரஸ் என்றேன். பிறகு, இந்த மேக்ரோவை எழுதிவிட்டு பெங்களூருக்குப் போன அச்சுத் என்கிற பையன் மேல் பாய்ந்தேன்.

“நிச்சயதார்த்தத்துக்கு லீவு குடுக்கல இல்ல சார், அந்தக் கடுப்புல எதனா வெச்சிட்டுப் போயிருப்பான். பொண்ணு வேற கைநிறைய சம்பாதிக்குதாம். அவங்கம்மா என்ன சொன்னாங்கன்னா...”

“அண்ணா, செத்த சும்மா இருங்க!” என்றாள் பிரவீனா. அதற்குள் நான் தட்டிவைத்த ஃபைலையே திறந்து, மேலே, உச்சிவரைக்கும் போய்விட்டாள்.

மேக்ரோ முதல் வரியைத்தான் தலைப்பாகப் படிக்கும். அங்கே வயது, ஊர், பார்வை என்று இருக்கவேண்டும். இருந்தது ‘ஸ்ரீ:’. அதற்குக் கீழே ‘உ’.

“இன்னாது இது?”

“சுழிமா. நல்ல நாளு இல்ல, பிள்ளையார் சுழி போட்டு வெச்சேன். அதப் போயி தொட்டதுன்னு சொல்லுவாங்களா?”

“மேல ஸ்ரீ யாரு?”

சார் மின்விசிறியைப் பார்த்தார். “அது மங்களம்மா. எதை ஆரம்பிச்சாலும் போடறதுதானே.”

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்டபோது முதல் வரி என்னுடையது. அப்புறம் வந்தவர், என் பிள்ளையார் தலைமேலேயே வரி நுழைத்திருக்கிறார்! “கீழ போட்டிருக்கலாமே சார்?” என்றேன். “அதெப்படிப்பா?” என்றார். ஒரு பெண்ணின் பிழைப்பு அந்தரத்தில் ஆட, யார் மேலே என்று இருவரும் வழக்காடிக்கொண்டிருந்தோம். வாசலில் கார் வந்து நின்றது.

பிரவீனா அழிக்கப் போனாள். “அழிக்காதே!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம். வாழ்நாளில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

“அப்ப என் வேல போவட்டுமா? சாமி இன்னா, என்னை வூட்டுக்கு அனுப்பச் சொல்லிச்சா?”

அவளே புதிதாக ஒரு ஃபைல் திறந்து, ‘சாமி’ என்று பெயர் வைத்து, இரண்டையும் வெட்டி அதில் ஒட்டினாள். மேலே கீழே இல்லை. பக்கத்துப் பக்கத்தில். பட்டனைத் தட்டினாள். அட்டவணை கொட்டியது. அவள் வேலையும் நீண்டது.

வந்தவர்கள் போனபின், “நான் அப்பவே சொன்னேனே, நான் ஒண்ணும் தொடலைன்னு” என்றார் சார். “நானுந்தான் சார்” என்றேன். இருவரும் நிம்மதியாக டீ குடித்தோம்.

மறுநாள் கணக்கு ஃபைலைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. பிரவீனா எங்களுக்கு அதைச் சொல்லவில்லை; தட்டுவதற்குத் தனியாக வேறொரு ஃபைல் கொடுத்திருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். அப்படியே ஒரு நடை உங்கள் வீட்டையும் சுற்றி வாருங்கள். எங்காவது ஒரு பூட்டின் சாவி உங்களைத் தவிர எல்லாரிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் தொட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்.