பொலித்தீனின் நாடித்துடிப்பு

ஒழுங்கான மனிதர்களை நம்பாதீர்கள். அவர்கள் பிழை விட்டாலும் அளவெடுத்து, ஒழுங்காகத்தான் விடுவார்கள். (என்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது.)

என் பிரஷர் மாத்திரையைக் கூட்டுவதா என்று பார்க்க, ஏழு நாள் நாடித்துடிப்பைக் குறித்து வரச் சொன்னார் டொக்டர். அதைக் காட்டும் கைமணிக்கூடு ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். எங்கள் வீடு துறைமுகக் கரையில். உப்புக்காற்று இரும்புக் கேற்றையே தின்றுவிடும். ஆகவே எங்கள் ரிமோட்டுக்கும் பொலித்தீன், ரைஸ் குக்கருக்கும் பொலித்தீன். மணிக்கூட்டை மட்டும் விடுவேனா? சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை அளவாக வெட்டி, அடியும் மேலுமாக இரண்டு சுற்றுச் சுற்றி, கையில் இறுக்கிக் கட்டினேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

நான்கு நாட்கள் நாற்பது, தொண்ணூறு, நாற்பத்தைந்து என்று தாறுமாறாகக் காட்டியது. அத்தனையையும் நேரத்தோடு டயறியில் எழுதினேன். ஐந்தாம் நாள் பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு, மனைவி மல்லிகாவோடு கடற்கரையில் நடக்கும்போது நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது.

அதுவரை நன்றாக இருந்த எனக்கு அந்தக் கணமே மூச்சு வாங்கியது. குவித்திருந்த வலையில் சாய்ந்துவிட்டேன். மல்லிகா அழுதபடி ஓட்டோவை மறித்து என்னை ஏற்றினாள்.

"இஞ்சேரும், காணி உறுதி அலுமாரியில மேல்தட்டு. பச்சைக் கோப்பு."

"கதையாதேங்கோ. மூச்சை விடுங்கோ."

"கீழ்த்தட்டில என்ர டயறியள் இருக்கு. வாசிக்காம எரிச்சுப் போடும்."

மல்லிகாவின் அழுகை நின்றது. "ஏன் வாசிக்கக் கூடாது?"

சாகிற நேரத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. "உம்மட கறியளுக்குப் புள்ளி போட்டிருக்கிறன். பத்துக்கு."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஐயா, இனி நீங்கள் பிழைக்கிறது கஷ்டம்."

ஆஸ்பத்திரியில் தாதி மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். எண்பத்திரண்டு. ஈசீஜியிலும் குறை இல்லை. பிறகுதான் லஞ்ச் சீற்றைப் பிரித்தார்.

"இதென்ன ஐயா, சோத்துப் பார்சலா?"

உள்ளே வியர்வை தேங்கி, தோல் சிவந்து அவிந்திருந்தது.

"இது தோலில நேரா முட்டோணும். ஒவ்வொரு நாளும் கழட்டித் துடைச்சு, கையும் மணிக்கூடும் காய்ஞ்ச பிறகு போடுங்கோ. இறுக்க வேண்டாம். இலக்கம் கோணலா இருந்தா விரல் வைச்சு எண்ணிப் பாருங்கோ. நெஞ்சு நொந்தா மட்டும் ஒண்டும் எண்ணாம உடன இஞ்ச வாங்கோ."

வீடு வந்ததும் மல்லிகா செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரியடிக்குப் போனாள். இருபத்திரண்டு டயறிகள். எல்லாவற்றையும் வாசித்தாள்.

இப்போது மணிக்கூட்டைத் தினமும் துடைத்துக் காயவைத்துத்தான் கட்டுகிறேன். மிகச் சரியாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை. மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு மல்லிகா கேட்பாள்:

"இண்டைக்குச் சொதிக்கு எத்தினை?"

"பத்து."

என் கையைப் பிடித்துத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

"நூற்றிப் பத்து அடிக்குது. பொய்."