தெலுங்கைப் பெற்றவள்

தெலுங்கை அவமதித்துவிட்டாள் என்று ஒருத்தியைத் தமிழில் திட்டினால், அவமானம் யாருக்கு? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. திட்டு வாங்கியவள் நான்தான்.

நான் மலேசியாவில் குளுவாங் ஊர்த் தமிழச்சி. கணவர் வீட்டார் ஜொகூர் பாருவில் வாழும் தெலுங்குக்காரர்கள். (அதாவது உகாதியன்று தெலுங்குக்காரர்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில் சாம்பாருக்கு உப்புப் பத்தவில்லை என்பதுகூடத் தமிழில்தான்.) கல்யாணமாகிக் கைக்குழந்தை வந்த பிறகும் மாமியார் என்னை உறவுக்காரர்களிடம் “தமிழ்ப் பொண்ணு” என்றுதான் அறிமுகப்படுத்துவார். ‘மருமகள்’ என்று ஒருமுறையாவது சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் தெலுங்குச் சங்கத்தின் உகாதி விழாவில் தெலுங்கின் வரலாறு பற்றிப் பேச ஆள் தேடினார்கள். மாமியார் என்னை நேர்ந்துவிட்டார்.

“எங்க வீட்டுல படிச்சது ஒண்ணு இருக்கு. அது பேசும்.”

“எனக்குத் தெலுங்கே தெரியாதே!” என்று கணவரிடம் பதறினேன்.

“எனக்கும்தான் தெரியாது. ஈஸி லா, நெட்டுல பாரு.”

பார்த்தேன். மாங்கு மாங்கென்று படித்தேன். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே கல்வெட்டில் ஏறிய மொழி. பெரும்பாலான சொற்கள் உயிரோசையில் முடிவதால் பாட்டுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். கீர்த்தனை என்றாலே பாதிக்கு மேல் தெலுங்குதான். எழுத்து, கன்னடத்தோடு ஒட்டிப் பிறந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்த சகோதரிகள். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

கெடுத்தது, மண்டபத்துக்குப் போகும் வழியில் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல். கார் நகரவில்லை, என் மனம் சும்மா இருக்கவில்லை. ‘சகோதரி’ என்றால் ஒட்டாமல் இருக்கிறதோ? மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ‘மகள்’ என்றால் எவ்வளவு பாசம்! உரையில் ‘சகோதரிகள்’ என்பதை அடித்து ‘மகள்’ என்று திருத்தினேன்.

மண்டபத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தெலுங்கு, தமிழ் பெற்றெடுத்த அருமை மகள்” என்று முழங்கினேன்.

கைத்தட்டல் வரவில்லை. முன்வரிசையிலிருந்து சங்கத் தலைவர் எழுந்தார்.

“ஏம்மா, யாருக்கு யாரு மக? எங்க பாஷைய நீங்க பெத்தீங்களா?”

“பாசமா சொன்னேன் அங்கிள்…”

“பாசமா சொன்னா பொய் உண்மையாயிடுமா?”

“அலமாக்! இதக் கேக்கவா விடிய எந்திரிச்சுப் பச்சடி கலக்கிட்டு வந்தோம்?” என்றது ஒரு பட்டுப்புடவை. “மைக்க வாங்குங்கப்பா!” என்றது இன்னொன்று. எல்லாம் சுத்தமான தமிழ்! ஒரே ஒரு ஆளாவது தெலுங்கில் திட்டியிருந்தால் தலைகுனிந்து இறங்கியிருப்பேன். கடைசி வரிசையில் என் கணவர் வாயில் கரண்டியோடு உறைந்திருந்தார்.

அப்போது மாமியார் எழுந்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

“என் மருமகளத் திட்ட நான் இருக்கேன். நீங்க யாரு?” என்றார் தலைவரைப் பார்த்து. “உங்க பேரப்பிள்ளைங்க வீட்டுல என்ன பேசுதுங்க? இங்கிலீஷ்தானே? முதல்ல அதுங்களக் கேளுங்க!”

‘மருமகள்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. காரில் ஏறியதும் சொன்னபடியே செய்தார். வீடு வரும்வரை திட்டினார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், “வழி விடுங்கப்பா, தெலுங்கப் பெத்தவங்க வர்றாங்க” என்கிறார்கள். இரண்டாவது குழந்தை உண்டானபோது என் கொழுந்தன் கேட்டான்: “அண்ணி, இது கன்னடமா, மலையாளமா?”

இப்போது புதுச் சிக்கல். இந்த உகாதிக்கு என் மூத்தவள் ‘என் தாய்மொழி’ என்று மேடையில் பேச வேண்டுமாம். தலைவரே போன் செய்தார். “நீங்களே எழுதிக் குடுங்கம்மா” என்றார். அவர் குரலில் சிரிப்பா, மிரட்டலா என்று தெரியவில்லை. “மலாய்ல பேச விட்டுடு லா, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க” என்கிறார் கணவர்.

‘என் தாய்மொழி’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை அம்மா எழுதித் தருவதை அப்படியே நம்பி மனப்பாடம் செய்வாள். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: அடுத்த சொல்லாக எதை எழுதட்டும்?