திட்டமிட்ட இளைப்பு

ஊரை ஒட்டிய மலைச்சரிவில் காய்ந்த சருகையும் புதரையும் வருஷத்துக்கு ஒரு நாள் அரசாங்கமே கொளுத்தும். அடங்காத பெருந்தீ வந்துவிடக் கூடாது என்பதற்காக, அடக்கி வைத்து மூட்டும் சிறுதீ. புத்தியுள்ள ஏற்பாடுதான். தையல்காரிக்கு அதில் ஆட்சேபமே கிடையாது. தீயும் சொன்ன பேச்சு கேட்டு மலையோடு நின்றுகொள்ளும். புகைக்குத்தான் அந்த ஒழுக்கம் போதாது. அது இறங்கி வந்து, அவள் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, சின்ன மகளின் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். போன தடவை பிள்ளைக்கு மூச்சு இளைத்த இளைப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இந்தத் தடவை எந்தக் கிழமை என்று முன்னாடியே தெரிந்தால் போதும், பிள்ளையை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

அதைக் கேட்கத்தான் புகைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சுவர் முழுக்க ஒரு திரை, திரை முழுக்கப் பச்சை; காற்று சுத்தம் என்று அர்த்தம். திரை இல்லாத அலுவலகத்தை இப்போதெல்லாம் பக்கத்து அலுவலகம்கூட மதிப்பதில்லை.

புகை அதிகாரி பொறுமையாக விளக்கினார். மலைத்தீ அனுமதி பெற்ற தீ. ஆகவே அதன் புகையும் அனுமதி பெற்ற புகை. அனுமதி பெற்ற எதுவும் மாசு ஆகாது. எனவே கருவி காட்டும் அளவிலிருந்து அதைக் கழித்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புவார்கள். கழித்தபின் மிச்சம் இருந்தால் மக்களை எச்சரிப்பார்கள். இதுவரை மிச்சம் இருந்ததே இல்லை.

"என் பொண்ணு நெஞ்சுக்குக் கழிக்கத் தெரியலையே சார்."

"அங்கதாம்மா கோளாறு. எங்களுது திட்டமிட்ட புகை. உங்க பொண்ணோடது திட்டமிடாத இளைப்பு. முன்கூட்டியே சொல்லி முறைப்படி இளைச்சா நாங்க கவனிக்க மாட்டோமா?"

கிழமையைச் சொல்ல முடியாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னால் ஜனங்கள் வேண்டுமென்றே காத்திருந்து இருமுவார்களாம்.

 அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முறைப்படியே போவோம் சார். திங்கட்கிழமை இளைக்க அனுமதி குடுங்க."

"திங்கள் எப்படிம்மா? அன்னைக்கு இளைக்க முகாந்திரமே இல்லையே."

செவ்வாய்க்கும் புதனுக்கும் அதே பதில்தான் வந்தது.

"அப்ப வியாழக்கிழமை இளைக்கட்டுமா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "வியாழன் தாராளமா இளைக்கலாம்."

தையல்காரி கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். வந்த கையோடு மளிகைக் கடையில் கிழமை ரகசியத்தை உடைத்தாள். மளிகைக்காரர் தன் தொந்தியைத் தடவிக்கொண்டு, "எனக்கும் ஒரு அனுமதி வாங்கியிருக்கலாமே தங்கச்சி, நானும் கொஞ்சம் இளைச்சிருப்பேன்" என்றார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை புகை இறங்கியது. எதிர் வீடு தெரியவில்லை. பார்க்கவும் ஆள் இல்லை. ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா, மாமா, சம்பந்தி என்று கிடைத்த உறவுக்காரர் வீடுகளில் விருந்தாடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கினார். அக்கா வீட்டு முற்றத்தில் பிள்ளை மூச்சு வாங்காமல் ஓடியாடியது. தையல்காரிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

ஊர் திரும்பியபோது அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவ்வளவு புகையிலும் ஒருவர்கூட இருமவில்லை. ஒருவர்கூட ஆஸ்பத்திரி வரவில்லை. திட்டமிட்ட புகை தீங்கற்றது என்பது இதனால் ஐயந்திரிபற நிரூபணமாகிறது. ஒத்துழைத்த பொதுமக்களுக்கு நன்றி. இனி வசதிப்படும் நாளெல்லாம் கொளுத்தப்படும். அதையும் மீறி இளைக்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும்; மற்றவர்களை ஆஸ்பத்திரி ஏற்காது.

எந்த அக்காவும் தினமும் விருந்து வைக்க மாட்டாள். மறுவாரம் அலுவலக வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. திங்கட்கிழமைக்கு அனுமதி கிடைத்தவர்கள், சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தவர்களை இளக்காரமாகப் பார்த்தபடி வெளியே வந்தார்கள். நடுவில் நுழையப் பார்த்த ஒருவரைத் தையல்காரி முழங்கையால் தடுத்தாள்.

"பின்னால போங்கண்ணே. என் பொண்ணு இளைச்ச பிறகுதான் நீங்க இளைக்கணும்."

தோளில் கிடந்த பிள்ளையின் நெஞ்சு, யார் அனுமதிக்கும் காத்திராமல், விசிலடிக்கத் தொடங்கியிருந்தது. வரிசை போட்ட சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை.