வாய் திறவா இளவரசன்

வாழ்க, தைனான் மாநகரில் கடலன்னை மாட்சு கோயிலின் பின்புறச் சந்தினைத் தம் மூக்குக்கண்ணாடிக் கடையால் ஒளிபெறச் செய்த ஜியான் பாவ்-லின்! பிறப்பிலே பெற்ற விழியிரண்டும், கடையிலே தமக்குத் தாமே பொருத்திக்கொண்ட வில்லையிரண்டும் ஆக நால்விழிச் செம்மலாய், நீரூடு நோக்கி, நெளிந்தோடும் மீன் ஆணோ பெண்ணோ என்று நொடியில் தீர்ப்புரைக்கும் நுண்ணோக்கு நாயகர் வாழ்க. அத்தீர்ப்புகளில் எத்தனை சரியென்று இதுவரை சரிபார்க்காமல் விட்ட வண்ணமீன் வளர்ப்போர் சங்கத்தாரின் பெருந்தன்மையும் உடன் வாழ்க.

அக்கடையின் பின்சுவரில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்கு அடியில் நின்ற பளிங்குத் தொட்டியைத் தனிக்குடை நிழற்றி ஆண்டுவந்தது, எலுமிச்சைப் பொன்மேனியும் கருங்கரைத் துடுப்பும் கொண்ட, விரல் நீளமே உள்ள மீனொன்று. ஆப்பிரிக்க ஏரியொன்றில் தோன்றிய அக்குலத்துக்குத் தைவான் மீன்கடைக்காரர்கள் சூட்டிய திருநாமம் ‘ஆப்பிரிக்க இளவரசன்’. அக்குலத்தில் ஆணும் மஞ்சள், பெண்ணும் மஞ்சள். ஆணும் இளவரசன், பெண்ணும் இளவரசன். முட்டையிட்ட பெண் அம்முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு, அவை பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தேறும்வரை ஒரு பருக்கை இரையும் தொடாமல் நோன்பிருக்கும். இதை ஜியானும் அறிவார். பெண்களைப் பற்றிய செய்தியாகையால், தம் இளவரசனுக்கு அது வேண்டாததென்று விட்டிருந்தார்.

இளவரசன் ஆணே என்பதற்கு அவர் அவைதோறும் முழங்கிய சான்றுகள் மூன்று. பின்துடுப்பில் முட்டை போன்ற மஞ்சள் பொட்டு உண்டு; உடன் விட்ட வேற்றின மீனையெல்லாம் துரத்தித் துரத்தி அடித்துத் தொட்டியில் தனியே வாழும்; பெயரே இளவரசன். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று உயரும்.

இத்தகையாருக்கு நிகரான பகைவர் ஒருவர் இல்லாதிருப்பாரோ? எதிர்ச்சாரியில் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் தூ வென்-ஷெங் இருந்தார். அவர் தொட்டியில் அதே மஞ்சட்குலத்தவை மூன்று இருந்தன; மூன்றும் பெண்களே என்று அவர் தேர்ந்து வாங்கி வந்தவை. அம்மூவர்க்கும் மணமகனாக ஜியானின் இளவரசனை அவர் வேண்ட, ஜியானும் இசைய, நீரும் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் பையே பல்லக்காக, ஸ்கூட்டரே தேராக, சந்தின் இப்புறமிருந்து அப்புறம்வரை நிகழ்ந்த அத்திருமண ஊர்வலத்தை வழிமறித்த பெருமை ஒரு குப்பை வண்டிக்கே உரியது.

இரு வாரம் கழிந்தது. பல்லக்கு திரும்பி வந்தது.

“அண்ணே, மாப்பிள்ளைய நீங்களே வச்சுக்கோங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க மூணும் வாய மூடவே இல்ல, போட்டதெல்லாம் திங்குதுங்க. ஒண்ணுகிட்டகூட முட்டையக் காணோம். உங்க ஆளு ஆம்பளையே இல்ல” என்றார் தூ.

“என் கண்ணையா குத்தம் சொல்ற, தம்பி? உன் வீட்டுல இருக்கறது மூணும் தடிப்பசங்க. அவனுங்களோட எவன் குடும்பம் நடத்துவான்?”

அவ்வூரில் ஆண்மகவு பிறந்தால் மாதம் நிறைந்த நாளில் கோழிக்காலோடு எண்ணெய்ச் சோறும், பெண்மகவு பிறந்தால் கேக்கும் வீடுதோறும் வழங்குவர். அந்த வழக்கின்மேல் ஆணையிட்டு, அண்டம் அதிரவில்லையாயினும் அண்டை வீட்டார் எட்டிப் பார்க்குமாறு, ஜியான் வஞ்சினம் கூறினார்:

“என் இளவரசன் பொண்ணுன்னு ஆச்சுன்னா, வீடு வீடா நானே கேக் கொடுக்கறேன். பொண்ணு பொறந்திருக்குன்னு என் வாயாலயே சொல்றேன்.”

“என் மூணுல ஒண்ணு ஆம்பளைன்னாலும் நான் எண்ணெய்ச் சோறு தூக்கறேன், போங்க” என்றார் தூ.

அடுத்த மாதச் சங்கக் கூட்டம் ஜியானின் கடையிலேயே கூடி, மீனைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பளிப்பதென முடிவாயிற்று. நாயகர் நெஞ்சில் நடுக்கம் புகுந்ததும் அன்றுதான். சந்தில் பாதி மூக்குகளின்மேல் அமர்ந்திருப்பவை அவர் கண்ணாடிகள். மீனையே பார்க்கத் தெரியாதவர் நம் கண்ணை எப்படிப் பார்த்தார் என்ற ஐயம் ஒரு மூக்கில் தோன்றினால் மற்ற மூக்குகளுக்குப் பரவ எவ்வளவு நேரமாகும்? உண்மையிலேயே பயந்துபோனார். யாரிடமும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் இளவரசனோ உணவை வெறுத்துக் கல்லிடுக்கில் ஒதுங்கியது. பழிச்சொல் பொறாத மானவீரனின் உண்ணாநோன்பு என்று ஜியான் அதற்கு உரை கண்டார். அவர் மனைவி சூ-யின் தொட்டியருகே சற்று நேரம் நின்றாள்.

“என்னங்க, தாடையெல்லாம் உப்பிக் கெடக்கு. வாய்க்குள்ள என்னமோ வச்சுக்கிட்டு மென்னுக்கிட்டே இருக்கு.”

“வீரனுக்குத் தாடை அப்படித்தான் இருக்கும்.”

“மூத்தவ என் வயித்துல இருந்தப்பவும் வாயுத் தொல்லைன்னுதான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

வந்தது போர்நாள். கையிற் பால்தேநீர்க் கோப்பை ஏந்திய சங்கத்தார் கடல்போற் சூழ, வலையெனும் வாளெடுத்து, சட்டைக்கை மடித்து, அக்குள்வரை நீருள் இறங்கினார் ஜியான். கல்லின்பின் ஒளிந்தது மீன்; கல்லைப் பெயர்த்தார். குழாயின்பின் ஒளிந்தது, குழாயைப் பிடுங்கினார். இடம்போல் காட்டி வலம் பாய்ந்தும், வலம்போல் காட்டி அவர் முகத்தில் நீரடித்தும், மேலைக் கடற்படைகள் அறியாத மாயப்போர் புரிந்த அம்மஞ்சள் மறவனை எட்டிப்பிடிக்கக் குனிந்த கணத்தில், நாயகரின் மூக்குக்கண்ணாடி நழுவித் தொட்டிக்குள் அமிழ்ந்தது. மீன் அதன் பின்னே போய் ஒளிந்துகொண்டது. மீனையும் கண்ணாடியையும் ஒரே வலையில் அள்ளியதும் அதே நாயகர்தாம்.

நனைந்த உள்ளங்கையில் மீனை மல்லாத்தினார். வயிற்றின் அடியில் இரு துளைகள் உண்டு. ஆணுக்கு இரண்டும் ஒரே அளவு, பெண்ணுக்குப் பின்துளை பெரிது. சொட்டச் சொட்டக் கண்ணாடியை மாட்டி, மங்கலாய்த் தெரிந்ததைத் தெளிவாய்த் தெரிந்ததாகவே கொண்டு, அவையை ஒருமுறை சுற்றி நோக்கி ஜியான் சாற்றினார்:

“ரெண்டும் ஒரே அளவு. ஆம்பளை.”

அப்போது இளவரசன் வாய் திறந்தது. பருக்கைக்குக் கண் வைத்தாற்போன்ற குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாய், பத்துக்கும் மேலாய், கீழிருந்த நீர்ப்பாத்திரத்தில் உதிர்ந்து, உதிர்ந்த கையோடு நீந்தின.

சங்கத்தார் கோப்பையோடு பாத்திரத்தின்மேல் குனிந்தனர். தூ மட்டும் தொடையில் அடித்து, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கேக் எப்ப வரும், அண்ணே? எனக்கு டாரோ கிழங்கு கேக்தான் பிடிக்கும்.”

சூ-யின் பாத்திரத்தைக் கையிலெடுத்துக் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு தூவைப் பார்த்தாள்.

“நல்லா சிரிங்க, தம்பி. இது வாழ்ந்த வாழ்க்கையில உங்க வீட்டுக்கு மட்டும்தான் போய்ட்டு வந்துச்சு. அங்க இருக்கறது மூணும் பொண்ணுன்னா, இதுங்களுக்கு அப்பா யாரு?”

தூவின் சிரிப்பு பாதியில் நின்றது. சங்கத்தார் ஒருவர் பின் ஒருவராய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஐயத்தோடு உற்றுப் பார்த்துவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டனர். அவர்களிடம் வேறு கண்ணாடி இல்லை. வென்றார் இவரெனப் பரணி பாடுவதா, தோற்றார் இவரெனக் கையறுநிலை பாடுவதா, இரு தரப்பும் ஒருசேர வீழ்ந்த இக்களத்தை எந்த யாப்பில் அடக்குவது என்று காவியப் புலவோர் கலங்கி நிற்க, கடலன்னையின் கோயில் மணி ஒலிக்க, அந்தி சூழ்ந்தது.

மறுநாள் காலை ஜியான் வீடு வீடாகப் போய் ‘பொண்ணு’ என்று சொல்லிக் கேக் கொடுக்க, பின்னாலேயே தூ ‘பையன்’ என்று சொல்லி எண்ணெய்ச் சோறு கொடுத்துக்கொண்டு போனார்.