வயிற்றுக்குள் குடியிருந்தவர்

ஒரே வயிற்றுக்கு இரண்டு இலை போடச் சொல்லி, இரண்டுக்கும் ஒழுங்காக டோக்கன் வாங்கி, "அந்த இலை யாருக்கு?" என்று கேட்டால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுகிற மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் மெஸ்ஸுக்கு வந்த நைனா ஒருவர்தான். அடித்துச் சொல்வேன்.

மெஸ் இருந்தது மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனை ஒட்டிய ஒரு சந்தில். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, எச்சில் இலை எடுப்பது என் வேலை. பேசுவது என் வேலை இல்லை. எனக்கு அது வரவும் வராது. புதிதாக வருகிறவர்கள் என்னை ஊமைப் பெண் என்றே நினைத்துக்கொண்டு கையைக் காட்டித் தண்ணீர் கேட்பார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

நைனா தி.நகரில் ஒரு புடவைக் கடையின் வாசல் காவலாளி. கதவைத் திறந்து கும்பிடு போடுகிற உத்தியோகம். வீடு சைதாப்பேட்டை. பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளைகுட்டி கிடையாது. அவர் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. 'ரெண்டிலை நைனா' என்றால் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் வரைக்கும் தெரியும். கட்சிக்காரர் என்று நினைத்துச் சால்வையோடு வந்து ஏமாந்து போனவர்களும் உண்டு.

அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் முதுகு சில்லிடும். எதிரெதிராக இரண்டு இலை. தன் இலையில் பாதி சாப்பிட்டதும் கை நிற்கும். வயிற்றில் கையை வைத்து, தலையைச் சாய்த்து, பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டது மாதிரி கேட்பார். "எய்ந்துட்டாரு" என்பார். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து அந்த இலையைச் சாப்பிடுவார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க அவர் கண் சிமிட்டமாட்டார். தண்ணீர் வைக்கக் குனியும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு தரம்கூடச் சிமிட்டியதில்லை.

கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பையன் ஒருவன் துணிந்து கேட்டான். "யாரு நைனா உள்ள?"

"லாரி ஓட்ன காலத்துல அஸ்ஸாம் பக்கம் போனேன்ப்பா. ஒரு மழைநாளு, வேவாத பன்னிக்கறிய துன்னு தொலைச்சேன். அன்னிக்கி ஏறுனவரு. லாரிய வித்தாச்சு, கிளீனரு ஓடிட்டான், பொண்டாட்டி பூட்டா. அவுரு மட்டும் எறங்கல."

"சும்மா ரீல் வுடாத நைனா!"

நைனா கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளை நாடாவை நறுக்கினாற்போல, சுரைக்காய் விதை அளவில் இரண்டு மூன்று துண்டுகள். அதில் ஒன்று மெல்லச் சுருங்கி, மெல்ல நீண்டது. பையன் குடித்த ரசம் வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கே முதலாளி அண்ணாச்சி நைனாவைத் தூணுக்குப் பின்னால் இருக்கிற மூலைக்கு மாற்றிவிட்டார்.

அத்தோடு விஷயம் அடங்கியிருக்கும். அடங்கவிடாமல் செய்தது ஒரு மோர்க்குழம்பு. ஒருநாள் நான் கிண்ணத்தை நீட்டியதும் நைனா இலையைக் கையால் மூடினார். "அவுரு வோணான்றாரு." மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சிரித்த அத்தனை பேரும் கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

மறுநாளிலிருந்து தூணுக்குப் பின்னால் கூட்டம். "நைனா, விசா கெடைக்குமான்னு கொஞ்சம் கேளு." "நைனா, எங்க அக்காவுக்கு அந்த திருவள்ளூர் மாப்ள சரிப்படுமா?" நைனா வயிற்றில் கை வைப்பார். சோற்றைப் பிசைகிற கைகள்கூட நின்றுவிடும். "சரின்றாரு", "வோணான்றாரு" என்று இரண்டே பதில்தான். பாழாய்ப்போன இரண்டும் பலித்துத் தொலைத்தன.

அடையாறில் இரண்டாவது மெஸ் திறக்க அண்ணாச்சி இடம் பார்த்து வைத்திருந்தார். கும்பிடாத குறையாக வந்து நின்றார். "என்னவே சொல்லுதாரு?"

"வோணான்றாரு."

அண்ணாச்சி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டடத்தின் வாசலையே மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து இரண்டாவது இலைக்கு டோக்கன் கிடையாது. அதற்குத்தான் முதலில் பாயசம்.

ஊருக்கெல்லாம் நல்லது நடந்தது. நைனாதான் இளைத்துக்கொண்டே போனார். காவலாளி யூனிபார்ம் ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கியது. ஒருநாள் புடவைக் கடையில் கதவைத் திறந்து கும்பிட்டவர், கும்பிட்டபடியே சாய்ந்துவிட்டார். கடைப் பையன்கள் மெஸ்ஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஆளில்லை என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். நிதானமாகத்தான் சொன்னாள். "ஐயா, இது நாடாப்புழு. மாத்திரை தரேன், போட்டா வெளிய வந்துடும். தலையோட வரணும். தலை உள்ள தங்கிட்டா திரும்ப வளந்துடும். போடாம விட்டீங்கன்னா, அதோட முட்டை கையில ஒட்டி, வாய் வழியா உள்ள போய் மூளைக்கு ஏறும். வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. பக்கத்துல சாப்பிடறவங்களுக்கும் பரவும். கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்க."

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "டாக்டரம்மா, அவுருக்கு வலிக்குமா?"

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாத்திரை சட்டைப்பையில் ஏறியதோடு சரி. "போடலாம், போடலாம்" என்பார் நைனா. அண்ணாச்சியோ, "என்னவே அவசரம்? எம் மவன் ஜாதகத்த ஒருதரம் கேட்டுச் சொல்லும். தீவாளி போவட்டும், பொறவு திங்கலாம்" என்பார். தண்ணீர் வைக்கும்போது நைனாவின் விரல்கள் தன்னால் துடிப்பதைப் பார்த்தேன். அது பசியா, பலவீனமா, டாக்டர் சொன்னதேதானா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மனுஷன் ஒருநாள் நம் இலை மேலேயே விழுந்து செத்துப்போவார் என்பது மட்டும் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மெஸ் நிறைந்திருந்தது. நைனாவின் இலைப் பக்கத்தில் டம்ளரை வைக்கக் குனிந்தேன். என் வாய் திறந்துகொண்டது.

"அவரு போவணுங்கிறாரு."

அண்ணாச்சி கையிலிருந்து கரண்டி விழுந்தது. "ஏ, இது பேசுது!"

நைனா என்னையே பார்த்தார். "இன்னாம்மா சொன்ன?"

"குனிஞ்சேன். கேட்டுச்சு. நேரமாயிடுச்சு, போவணும்னாரு."

"இன்னா கொரலு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஈரத்துணிய மெள்ளமாப் பிழியற மாதிரி."

நைனாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "அதான்" என்றார். "அதே கொரலுதான். என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்லியே!"

அவர் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. என் கையிலும்தான்.

மறுநாள் நைனா வரவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் வந்தார். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். வழக்கம்போல இரண்டு இலை போடச் சொன்னார். தன் இலையில் மட்டும் சாப்பிட்டார். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய், சோறு போட்டபடியே இருந்த இலையைத் தனக்கு எதிராக, வெளிப்பக்கமாக மடித்தார். சாவு வீட்டில் மடிக்கிற மடிப்பு.

"தலை வந்துச்சாவே?" என்றார் அண்ணாச்சி, தணிந்த குரலில்.

"வந்துச்சு. கடுகத்தனை கீது. இத்துனூண்டு தலைய வச்சிக்கினு எவ்ளோ யோசன பண்ணிக்கீறாரு பாரு!" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேள்வி கேட்கிற கூட்டம் இரண்டே நாளில் கலைந்தது. பாயசமும் நின்றது. நைனாவின் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் வாய் ஒட்டிக்கொண்டது. கூட்டமெல்லாம் போன பிறகு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் நான் தண்ணீர் வைக்கையில் மெல்லக் கேட்டார்.

"யம்மா, உன்னாண்ட வேற எதுனா சொன்னாரா?"

இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "மோர் ஊத்திக்கச் சொன்னாரு" என்றேன்.

நைனா சிரித்தார். மோர் ஊற்றிக்கொண்டார்.

பிறகு தினமும் கேட்பார். நானும் தினமும் ஒன்று சொல்வேன். "குடை எடுத்துக்கினு போவச் சொன்னாரு." "வெயில்ல நிக்காதன்னாரு." "நேத்து தூங்கினியான்னு கேட்டாரு." ஆரம்பத்தில் காலையிலிருந்தே யோசித்துவைத்துச் சொன்னேன். போகப்போக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்தால் வந்துவிடும். எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கப் போகவில்லை.

வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. போன பங்குனியில், சைதாப்பேட்டை வீட்டில், தூக்கத்திலேயே நைனா போய்விட்டார். நெஞ்சடைப்பு என்றார்கள்.

மத்தியானம் ஆனால் இன்றைக்கும் என் வாயில் ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.