இராயப்பன் மாஸ்டர் தளம் மாறிய வரலாறு

உலகம் எத்தனையோ பெரும் மாற்றங்களைக் கண்டிருக்கிறது. முடியாட்சி போய்க் குடியாட்சி வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆனால் 2004ஆம் ஆண்டில், பதுளைக்குப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் பாடசாலை ஆசிரியர் விடுதியில், இராயப்பன் மாஸ்டர் பழுப்புக் கணினியை விட்டு வெள்ளைக் கணினிக்கு மாறிய அந்த நாற்பது நாட்களுக்கு முன்னால் இவையெல்லாம் தூசு. வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் எழுதாததற்குக் காரணம் பஸ் வசதிக் குறைவுதான் என்று நம்புவோம்.

மாஸ்டர் பகலில் கணிதம் கற்பிப்பார். மாலையில் அவர் "இசைத் தயாரிப்பாளர்". ஞாயிறு தோறும் மாதா கோயிலில் கீபோர்ட் வாசித்த கை சும்மா இருக்குமா? வீட்டு முன்னறையில், அரிசிச் சாக்குக்கும் மாதா படத்துக்கும் நடுவில் ஒரு கலையகம் அமைத்தார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளை ஒட்டினார். அந்தத் தட்டுகள் சேரும்வரை அவர் மனைவி செசிலி ஓராண்டு காலம் முட்டைக் குழம்பாகவே வைத்தார். இசை உலகம் இந்தத் தியாகத்தை இன்னும் அறியவில்லை.

பழுப்புப் பெட்டியில் மாஸ்டர் நான்கு திருவிழாப் பாட்டுகளைப் பதிவுசெய்திருந்தார். அவை ஹாலிஎல வரைக்கும் பரவின. பெட்டிக்கு ஒரே ஒரு குறைதான். உள்ளே சுற்றும் விசிறியின் இரைச்சல் பாட்டுக்குப் பின்னால் மெல்லக் கேட்கும். ஸ்பிரிங்வெளிக்காரர்கள் அதை மழை என்று நினைத்துக்கொண்டு பாட்டை ரசித்தார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நல்லம்மா வந்தாள். கொழுந்து பறிப்பவள். வீட்டு வேலைக்காக இரண்டு வருடம் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்காரன் நாள் குறித்துவிட்டான். அவளுக்கு லதுஷா என்று இரண்டு வயதுக் குழந்தை. நல்லம்மா தானே கட்டிய ஒரு தாலாட்டைப் பாடினால்தான் அது தூங்கும். ஒருநாள் புருஷன் இராமையா அதைப் பாடிப் பார்த்தான். குழந்தை அழுதது மட்டுமல்ல, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"நாப்பது நாள்ல வேன் வந்துருங்க மாஸ்டர். அந்தப் பாட்ட மட்டும் நீங்க புடிச்சுக் குடுத்தீங்கன்னா, இவரு ராவுல போட்டுவிடுவாரு. புள்ள தூங்கிரும். எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க," என்றாள்.

மாதிரிக்கு இரண்டு அடி முணுமுணுத்துக் காட்டினாள். மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. இது நடிப்பல்ல, அந்த மனிதருக்கு இசை என்றால் உயிர். இந்தக் குரலை மிக உயர்ந்த தரத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தார். சும்மா பதிவுசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். ஆனால் மகான்கள் அப்படி நினைப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெயரட்ணம் ஐயா தேநீருக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், புள்ளிவிவர உத்தியோகத்தர். மாஸ்டரின் திருவிழாப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார்.

"பாட்டில பிழையில்லை மாஸ்டர். உங்கட பெட்டியிலதான் பிழை. உதில இரைச்சல் வருகுது. கனடாவில என்ர மகன் கிஷாந்தன் வெள்ளைப் பெட்டிதான் வச்சிருக்கிறான். இசை செய்யிற ஆக்கள் ஒருத்தரும் இப்ப பழுப்புப் பாவிக்கிறேல்லை."

சொன்னவர் புள்ளிவிவர உத்தியோகத்தர் என்பதால், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று விசாரிக்க மாஸ்டருக்குத் தோன்றவில்லை. அன்றே "ஸ்பிரிங்வெளி இல்ல இசைத் தளமாற்றக் குழு" உதயமாயிற்று. தலைவர் ஜெயரட்ணம். செயலாளர் மாஸ்டர். பொதுச்சபை, தேநீர், வடை ஆகிய பொறுப்புகள் செசிலிக்கு.

இங்கே மாஸ்டரின் அரசியல் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஆவதற்கு முன் அவர் தோட்டக் கமிட்டிச் செயலாளராக இருந்தவர். மூன்று தடவை தொழிற்சங்கம் மாறியவர். புதுச் சங்கத்தில் சேர வேண்டுமானால் முதலில் பழைய சங்கத்துக்கு எழுத்தில் விலகல் கொடுக்க வேண்டும் என்பது அவர் இரத்தத்தில் ஊறியிருந்தது. இரட்டை அங்கத்துவம் செல்லாது. கணினி விஷயத்தில் மட்டும் சட்டம் வேறாகவா இருக்கும்?

"பழச வீட்டுல வச்சுக்கிட்டுப் புதுசுல சேர்ந்தா ரெண்டு பக்கமும் நம்மள நம்ப மாட்டாங்க," என்று அவர் குழுவுக்கு விளக்கினார்.

"யாருங்க நம்பணும், பெட்டியா?" என்று செசிலி அடுப்படியிலிருந்து கேட்டார். கூட்ட அறிக்கையில் இது "குறுக்கீடு" என்று பதிவாகியுள்ளது.

வெள்ளை வருவதற்கு முன்பே பழுப்பிலிருந்து முற்றாக விலகுவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. மாதா படத்துக்குக் கீழே இருந்த டேப்ரெக்கோடரும் பழுப்பு அணியின் "அனுதாபி" என்று அடையாளம் காணப்பட்டு, அதுவும் வெளியேற்றப் பட்டியலில் சேர்ந்தது. மாஸ்டர் விலகல் கடிதத்தை மூன்று பிரதிகளில் எழுதினார். "இதுகாறும் தங்கள் தளத்தில் அங்கம் வகித்துவந்த நான், எவருடைய தூண்டுதலுமின்றி, எனது சுயவிருப்பின் பேரில்" என்று அது தொடங்கியது.

பதுளை பஸாரில் மொஹிதீன் ஒரு கொமியூனிகேஷன் நடத்திவந்தார். வெளிநாட்டுக்குப் பேசலாம், போட்டோப் பிரதி எடுக்கலாம், கணினியும் வாங்கலாம். அவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"சேர், இது யாருக்கு?"

"பெட்டிக்கு."

மொஹிதீன் வியாபாரத்தில் பலவிதமான மனிதர்களைப் பார்த்தவர். மூன்று பிரதியிலும் கடை முத்திரையைக் குத்தினார். பழுப்புப் பெட்டியையும் டேப்ரெக்கோடரையும் எடுத்துக்கொண்டு, வெள்ளைப் பெட்டி கொழும்பிலிருந்து அடுத்த கிழமை வரும் என்றார்.

அந்த அடுத்த கிழமை வந்து சேர இருபத்திரண்டு நாள் பிடித்தது. அதுவரை விடுதியில் சத்தத்தைப் பிடித்துவைக்க ஒரு கருவியும் இல்லை. மாஸ்டர் இதை "இடைக்கால நிர்வாகம்" என்று அழைத்தார். நல்லம்மா தினமும் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். பாடட்டுங்களா மாஸ்டர் என்று கேட்பாள். கொஞ்சம் இரு என்று மாஸ்டர் சொல்வார். குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வெள்ளைப் பெட்டி வந்த அன்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம் கூடியது. துரைமார் கப்பலேறிப் பல காலத்துக்குப் பின் தோட்டத்துக்கு ஒரு வெள்ளை வந்து இறங்குகிறதென்றால் சும்மாவா? மாலை போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். பிறகுதான் தெரிந்தது, கீபோர்ட்டின் வயர் அதில் பொருந்தவில்லை. மைக்கின் வயரும் பொருந்தவில்லை. மவுஸுக்கு ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அது குறையல்ல, கொள்கை என்று ஜெயரட்ணம் விளக்கினார். நான்கு திருவிழாப் பாட்டுகளின் சீடியைப் போட்டால் பெட்டி திறக்க மறுத்தது. விலகிப் போனவன் பழைய சந்தாவைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று மாஸ்டர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மைக்கைப் பொருத்தும் இணைப்பி கொழும்பில்தான் கிடைக்கும். வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றிப்போகும் லொறிச் சாரதியிடம் சொல்லிவிட்டார்கள். முதலில் வந்தது தப்பானது. இரண்டாவது சரியானது, லீக்ஸ் வாசம் மட்டும் அடித்தது. இதற்குள் முப்பத்தாறு நாள் ஓடிவிட்டது; கீபோர்ட்டின் இணைப்பி இன்னும் லொறியில் வரவேண்டியிருந்தது.

செசிலி அன்று பொறுமை இழந்தார். "மொஹிதீன் நானாகிட்டக் கேட்டா அந்த டேப்ரெக்கோடர ஒரு நாளைக்குக் குடுப்பாரு. ரெண்டு நிமிஷப் பாட்டு. நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?"

அது பின்னோக்கிய நடவடிக்கை என்று தலைவர் தீர்ப்பளித்தார். மாஸ்டர் அதைக் கூட்ட அறிக்கையில் பதிந்துகொண்டார். சங்கம் மாறிப் போய்விட்டுப் பழைய சங்கத்துக்கே திரும்பி வந்தவர்களைத் தோட்டத்தில் எப்படிக் கேலி பண்ணுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த நாளில் அவரும் சேர்ந்து கேலி பண்ணியவர்தான். முத்திரை குத்திய கடிதம் மொஹிதீனின் மேசை லாச்சியில் கிடக்கிறது. எந்த முகத்தோடு போய் நிற்பது?

நாற்பதாம் நாள் காலை எல்லாம் பொருந்திவிட்டது. பத்து மணிக்கு வேன். நல்லம்மா புதுச் சேலை உடுத்தி, பாஸ்போட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இப்ப பாடட்டுங்களா மாஸ்டர்?"

"கொஞ்சம் இரு."

பதினொரு விநாடி ஓடியதும் பதிவு நின்றது. தொடர வேண்டுமானால் அனுமதி இலக்கத்தைத் தருக என்று திரை கேட்டது. ஜெயரட்ணம் தன் கைத்தொலைபேசியில் கனடாவைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் கிஷாந்தன் எழும்பினான். அந்த இலக்கம் பெட்டி வந்த உறையில் இருக்கும் என்றான். உறை கொழும்பில் இருந்தது. வளைவில் வேன் ஹோர்ன் அடித்தது.

"பரவால்லீங்க மாஸ்டர்," என்றாள் நல்லம்மா. குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேன்வரை நடந்தாள். போகும்போது அந்தப் பாட்டை முழுவதும் பாடிக்கொண்டே போனாளாம். பின்னால் நடந்த இராமையா சொன்னான். அதை இங்கே எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, யாரும் பதிவுசெய்யவில்லை.

அடுத்த வாரம் அனுமதி இலக்கம் வந்து சேர்ந்ததும் கலையகத்தின் திறப்பு விழா நடந்தது. பெட்டியில் இருந்தது அந்தப் பதினொரு விநாடிதான்; ஆகவே அதையே மூன்று தடவை போட்டார்கள். ஜெயரட்ணம் கண்ணை மூடிக் கேட்டு, "இரைச்சல் ஒரு துளியும் இல்லை," என்றார். கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் இராமையாவின் மடியிலிருந்து லதுஷா வழுக்கி இறங்கி, ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் அம்மாவைத் தேடியது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நன்றியுரையை அவரால் சொல்ல முடியவில்லை. செசிலி சொன்னார், நன்றி என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு குழந்தை தினமும் வாசலில் வந்து நின்று பெட்டியைக் காட்டும். மாஸ்டர் அந்தப் பதினொரு விநாடியைப் போடுவார். அது திரும்பப் போடச் சொல்லும். அவரும் திரும்பப் போடுவார். நல்லம்மாவின் கேள்வியையும் தன் பதிலையும் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையோ அதைக் கேட்டு ஒருநாளும் தூங்கவில்லை. ஆனால் நன்றாகப் பாடம் பண்ணிக்கொண்டது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொஹிதீனின் கடைக்கு நல்லம்மா அழைப்பு எடுப்பதாக ஏற்பாடு. பூசை முடிந்து மாஸ்டரும் செசிலியும் இராமையாவோடும் குழந்தையோடும் போனார்கள். கடை மூலையில் பழுப்புப் பெட்டி இருந்தது. மொஹிதீன் அதில் தன் கடை விளம்பரத்தைத் தானே பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார். விசிறி இரைந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அழைப்பு வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று மொஹிதீன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். புள்ள ராவுல தூங்குதா என்று நல்லம்மா கேட்டாள். நல்லாத் தூங்குது என்று இராமையா பொய் சொன்னான். பிறகு குழந்தையைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்தான்.

"கண்ணு, அம்மாதான் பேசுறேன். இப்ப பாடட்டுமா?"

குழந்தைக்கு அந்தக் குரல் தெரியும். அந்தக் கேள்வியும் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் நன்றாகத் தெரியும். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்து, அவர் தொனியிலேயே சொன்னது:

"கொஞ்சம் இரு."

மறுமுனையில் நல்லம்மா பாடாமல் அப்படியே இருந்தாள்.

உச்சரிப்பு மிகத் துல்லியம். இரைச்சல் ஒரு துளியும் இல்லை.