எஞ்சின் மாமா கண்டுபிடித்த ஓட்டை

பருத்தித்துறையில் எஞ்சினை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஓடுகிற எஞ்சினை நிறுத்தத் தெரியாதவர் ஒருவர்தான்: எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கும் எஞ்சின் மாமா.

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே தருகிறேன்.

1. திங்கட்கிழமை காலை, கொழும்பு அலுவலகத்துடனான காணொளிக் கூட்டத்தில் என் முகம் வாய் திறந்தபடி உறைந்தது.

2. செவ்வாயும் உறைந்தது. இம்முறை கண் மூடியபடி. நான் நித்திரை என்று மேலாளர் நினைத்துவிட்டார்.

3. மாதம் முழுவதற்குமான டேட்டா பதினோராம் திகதியே தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மேலதிகமாகப் போட்டேன். விடிவதற்குள் அதில் பாதி போய்விட்டது.

4. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு என் வேலையை நான் செய்துகாட்ட வேண்டும். அன்றும் உறைந்தால் வீட்டிலிருந்து வேலை செய்வது முடிந்தது, கொழும்பில் அறை பாருங்கள் என்று மேலாளர் அமைதியாகச் சொன்னார். அவர் அமைதியாகச் சொன்னால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

5. புதன்கிழமை எஞ்சின் மாமா துப்பறிய வந்தார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தொரு வருடம் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். நிறுத்திய எஞ்சின் திரும்ப ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அவருடைய வேதம். கடைக்குப் போனால் மோட்டார் சைக்கிள் வாசலில் ஓடிக்கொண்டே நிற்கும். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். பூசை முடியும்வரை மேளத்துக்குத் துணையாக வெளியே அது தட்டிக்கொண்டிருக்கும். அவர் வீட்டு மோட்டார் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, முற்றத்தை நிரப்பி, ஒருமுறை எங்கள் வெங்காயப் பாத்தியையும் நிரப்பியது. அம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"அண்ணை, மோட்டரை நிப்பாட்டுங்கோவன்!"

"நிப்பாட்டினால் நாளைக்கு ஆர் ஸ்டார்ட் பண்ணுறது, நீங்களே?"

இப்படிப்பட்டவருக்கு என் கணினி பிடித்துப்போனதில் வியப்பில்லை. நான் மென்பொருள் சோதிப்பவள். இரவெல்லாம் சோதனை ஓட வேண்டும் என்பதால் கணினியை அணைப்பதே இல்லை. "ஒழுங்கையிலை உருப்படியான மெசின் உது ஒண்டுதான் பிள்ளை," என்று சொல்லி, மாதத் தொடக்கத்திலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு வரத் தொடங்கினார். நான் தேத்தண்ணிக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் கதிரையை விட்டுக் கொடுப்பேன். என் கோப்புகளில் கை வைக்காதபடி அவருக்குத் தனியாக ஒரு கணக்கு ஏற்படுத்தி, 'எஞ்சின்' என்று பெயரும் வைத்தேன். முடிந்ததும் எப்படி வெளியேறுவது என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன். செய்தி வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் டோர்ச் லைட், ஒரு ஸ்பானர், கோடு போட்ட கொப்பி ஆகியவற்றோடு வந்தார். அதற்கு முன்பே பதினான்கு சந்தேகங்களைப் பட்டியலிட்டு ஒன்பதை நான் வெட்டியிருந்தேன். என் கணக்கில் ஓடும் நிரல்கள் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றியாகிவிட்டது. மாமா என் பட்டியலைப் பார்க்கவே இல்லை. நேரே ரௌட்டரில் காதை வைத்தார்.

"ஒரு சத்தமும் இல்லையே."

"அது சத்தம் போடாது மாமா."

"ஓட்டை எண்டால் சத்தம் போடும் பிள்ளை. போடாட்டி அது இன்னும் பெரிய ஓட்டை."

பிறகு வேலிப் பக்கம் போய், பின்வீட்டு அக்காவிடம் ஊருக்கே கேட்கக் கேட்டார்.

"பிள்ளையின்ரை இன்டர்நெட் உங்கை ஏதும் ஒழுகி வருதோ?"

"இல்லை எஞ்சின் அண்ணை. உங்கடை மோட்டர்த் தண்ணிதான் வருது."

மாமா அசரவில்லை. திரும்பி வந்து தன் முறையைச் சொன்னார். எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், எல்லா வால்வையும் ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்க்க வேண்டும். எந்த வால்வைப் பூட்டும்போது முள் விழுகிறதோ, அதற்கு அங்காலேதான் ஓட்டை. என்னுடைய பதினான்கு சந்தேகங்களைவிட இது நல்ல முறை என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு போய் வருகிறது என்று காட்டும் எண்ணை மீட்டராக வைத்துக்கொண்டேன்.

முதல் வால்வு அம்மாவின் கைபேசி. அம்மா கனடாவில் இருக்கும் சித்தியுடன் கதைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கடை ஓட்டையைத் தேட என்ரை கதையை ஏன் அறுக்கிறியள்?"

"ரெண்டு நிமிசம் தங்கச்சி, கப்பல் தாழுது," என்றார் மாமா.

எண் குறையவில்லை. தொலைக்காட்சியைத் துண்டித்தோம். குறையவில்லை. என் கைபேசி, மாமாவின் கைபேசி, எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் அவர் நேரத்தோடு கொப்பியில் எழுதினார். கடைசியில் மிஞ்சியது என் கணினி மட்டும். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். அந்த மீட்டர்ப் பக்கத்தை மட்டும் விட்டேன். எண் அப்படியே ஓடியது. ரௌட்டரில் கணினி வயரின் விளக்கு விடாமல் துடித்தது. வயரைப் பிடுங்கினேன், அணைந்தது. திரும்பச் செருகினேன், பழையபடி துடித்தது.

மாமா தொடையில் தட்டினார். "பாத்தியே! உன்ரை பெட்டிக்குள்ளை ஆரோ குந்திக்கொண்டு இருக்கினம். இழுத்து வெளியிலை போடு உவனை!"

கணினியில் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நான். மற்றது 'எஞ்சின்'.

மாமா வெளியேறியதே இல்லை. தன் கணக்கை ஓடவிட்டுவிட்டு, என் கணக்குக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் தினமும் எழும்பிப் போயிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தேன். திரையின் அடியில் இருபத்து மூன்று ஜன்னல்கள் சுருக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துறைமுகம், நேரலைக் கமெராவில். சிங்கப்பூர், றொட்டர்டாம், ஹம்பேர்க், டர்பன், சாந்தோஸ். கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, போய்க்கொண்டிருந்தன. கிட்டத்தட்ட இரண்டு கிழமையாக இரவும் பகலும் ஒன்றும் நிற்கவில்லை.

மாமா ஸ்பானரை மேசையில் வைத்தார். பிறகு, "ஸ்லோவிலைதானே விட்டனான்," என்றார்.

"என்ன மாமா?"

"கீழை சின்னதாக்கி விட்டால் அது ஸ்லோவிலை ஓடும் எண்டு நினைச்சன். கனக்கத் தின்னாது எண்டு."

எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. "இருபத்து மூண்டு துறைமுகம் என்னத்துக்கு மாமா?"

"நான் போன இடங்கள். றொட்டர்டாமுக்கு மட்டும் பதினொரு தரம் போனனான்." கொப்பியை மூடினார். "கப்பல் உள்ளுக்குப் போகேக்கை மேலை நிக்கிறவங்கள் எல்லாத்தையும் பாப்பாங்கள். நாங்கள் கீழை. மேலையிருந்து மணி அடிச்சால் மெதுவா, மணி அடிச்சால் பின்னுக்கு. கப்பலைக் கரையிலை கட்டி முடிஞ்சு மேலை வந்தால் இருட்டு, இல்லாட்டி நித்திரை. இப்பதான் பிள்ளை பாக்கிறன், உவ்வளவு வடிவான இடமெண்டு."

வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் அவருக்கு நினைவூட்டவில்லை. தேவையும் இருக்கவில்லை. என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். "நீ விடு. என்ரை எஞ்சினை நான்தான் நிப்பாட்டவேணும்." இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் பெயரும் நேரமும். டர்பனில் மட்டும், ஒரு கப்பலைக் கரையில் கட்டி முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்க முன்பே வந்து, ரௌட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தார். அம்மா கைபேசியைத் தூக்கிய போதெல்லாம் விரலை உயர்த்தினார். நான் ஒருமுறைகூட உறையவில்லை. முடிந்ததும் கொப்பியைக் காட்டினார்: "10.00 கூட்டம் தொடக்கம். 10.20 பிள்ளை சிரிச்சது. 10.45 வெள்ளைக்காரன் தலையாட்டினான். ஒழுக்கு இல்லை."

இப்போதைய நிலை இதுதான். நான் பருத்தித்துறையிலேயே இருக்கிறேன். இணையத் திட்டத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். மாமாவுக்கு மாலை நான்கிலிருந்து ஆறுவரை நேரம், ஒரு தடவைக்கு ஒரு துறைமுகம். ஐரோப்பாவில் நல்ல வெளிச்சமாக இருக்கும் நேரம் அது. முடிந்ததும் முகத்தைச் சுளித்தபடி அவரே கணக்கிலிருந்து வெளியேறுகிறார். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எனக்குக் கூட்டம் எதுவும் வைக்க முடியாதபடி அலுவலக நாட்காட்டியில் மறித்து வைத்திருக்கிறேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'குடும்பம்' என்று போட்டிருக்கிறேன்.